என்.எஃப்.எல். ரூக்கிகளை மதிப்பிடுவது எப்படி? புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 ஏப்ரல் 27 இரவு கான்சஸ் சிட்டியில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்லின் டிராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, தொடங்கியது. டெட்ராய்ட் லயன்ஸ் அணி 12வது இடத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர்) ஜமீர் கிப்ஸை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் 18வது இடத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் லைன்பேக்கர் (தடுப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஜாக் கேம்பலை எடுத்தது. இரண்டுக்கும் கடும் விமர்சனம் எழுந்தது. இந்த இரண்டு பொசிஷன்களுக்கும் முதல் ரவுண்டை, அதுவும் இவ்வளவு முன்னால், செலவழிக்கலாமா என்று கேட்டார்கள். மறுநாளே பலர் லயன்ஸுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டார்கள்.

அந்த சீசனில் லயன்ஸ் 12 ஆட்டங்களில் வென்று 5இல் தோற்றது. 1993க்குப் பிறகு முதல்முறையாகத் தன் டிவிஷனை, அதாவது நான்கு அணிகள் கொண்ட தன் பிரிவை, வென்றது. இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 34-31 என்ற கணக்கில் தோற்றுத்தான் வெளியேறியது. அந்த டிராஃப்டில் வந்த நால்வர் அணியின் முக்கிய ஆட்டக்காரர்களாகியிருந்தார்கள்.

டிராஃப்ட் இரவில் மதிப்பெண் போட்டவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் அல்ல. அவர்கள் கேட்ட கேள்விதான் வேறு. "இந்தப் பொசிஷனுக்கு இந்த விலை சரியா?" என்று கேட்டார்கள். லயன்ஸ் கேட்டதோ, "நம் ஆட்டத்தில் இந்த வேலையை யார் செய்யப்போகிறார்?" என்பது. ரூக்கிகளை, அதாவது முதல் வருட ஆட்டக்காரர்களை, மதிப்பிட விரும்புகிறவர் இந்த இரண்டாவது கேள்வியில் தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அணி அவருக்கு என்ன வேலை தரப்போகிறது, அதை அவர் கல்லூரியில் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறாரா, அதற்கு அணி என்ன விலை கொடுத்தது: இந்த மூன்றுக்கும் பதில் தேடும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அந்த லயன்ஸ் அணியிலிருந்தே வரும். உங்கள் அணி எதுவானாலும் முறை ஒன்றுதான்.

டிராஃப்டின் அடிப்படை விதிகள்

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் குழப்பம் வரும். இங்கே ஏலம் கிடையாது. 32 அணிகளும் வரிசையாக நின்று ஒவ்வொருவராக எடுக்கின்றன. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்கு வரிசையின் கடைசி இடம். இப்படி ஏழு ரவுண்டுகள், மூன்று நாட்கள். தங்கள் ஆட்டக்காரர்களை வேறு அணிகளிடம் இழந்தவர்களுக்கு ஈடாக மூன்றாவது ரவுண்டிலிருந்து கூடுதல் தேர்வுகளும் கிடைப்பதால், மொத்தம் ஏறத்தாழ 260 பேர் தேர்வாகிறார்கள். எந்த அணிக்குப் போவது என்பதில் ஆட்டக்காரருக்குப் பேச்சே இல்லை.

சம்பளத்திலும் பெரிய பேரம் கிடையாது. 2011 ஒப்பந்தத்திலிருந்து, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அதற்கேற்பச் சம்பளம் கிட்டத்தட்ட நிர்ணயமாகிவிடுகிறது. ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் ரவுண்டில் எடுக்கப்பட்டவரை மட்டும் ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தால்தான் டிராஃப்டுக்கு வர முடியும் என்பதால் பெரும்பாலானோர் 21 முதல் 24 வயதுக்குள் இருப்பார்கள்.

இன்னும் இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோடைப் பயிற்சி முகாமில் ஓர் அணியில் 90 பேர் இருக்கலாம். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான். ஐந்தாவது, ஆறாவது ரவுண்டில் வந்தவருக்கு அந்த 53இல் ஒருவராவதே பெரிய வேலை.

ஆளுக்கு முன்னால் அணியைப் பாருங்கள்

புது ஆட்டக்காரரின் வீடியோவைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் அணியின் பொசிஷன்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் யார் முதல் ஆள், யார் இரண்டாவது, அவர்களுக்கு என்ன வயது, ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது. அணியின் இணையதளத்திலேயே 'டெப்த் சார்ட்' கிடைக்கும். ஒப்பந்த விவரங்களும் எளிதில் கிடைப்பவைதான். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் போட்ட மதிப்பீடு எதையும் நான் பொருட்படுத்துவதில்லை.

2023 வசந்த காலத்தில் லயன்ஸுக்கு இதைச் செய்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? டைட் எண்ட் (எதிராளியை மறிக்கவும் வீசிய பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) டி.ஜே. ஹாக்கன்சனை முந்தைய நவம்பரில் மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடம் காலி. 2022இல் ஓடி 17 டச் டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) அடித்த ஜமால் வில்லியம்ஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக சிகாகோவிலிருந்து டேவிட் மான்ட்கமரி வந்தார். இருந்த இன்னொரு ரன்னிங் பேக் டி'ஆண்ட்ரே ஸ்விஃப்டையும் டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது கிப்ஸின் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் முட்டி மோதி இரண்டு மூன்று கஜம் எடுக்க மான்ட்கமரி இருக்கிறார். கிப்ஸ் செய்ய வேண்டியது வேகத்தை வைத்து ஓரத்தில் ஓடுவதும் பாஸ் (வீசிய பந்து) பிடிப்பதும். இரண்டையும் அவர் அலபாமாவில் செய்திருந்தார்.

பயிற்சியாளர்கள் யார் என்பதையும் தாளில் எழுதுங்கள். லயன்ஸின் தலைமைப் பயிற்சியாளர் டேன் கேம்பல் தன் ஆடும் காலத்தில் டைட் எண்டாக இருந்தவர். அப்போது தாக்குதல் ஆட்டத்தை வகுத்த பென் ஜான்சன் அதற்கு முன் அதே அணியில் டைட் எண்டுகளின் பயிற்சியாளர். அப்படிப்பட்ட இடத்துக்கு 34வது தேர்வாக அயோவாவிலிருந்து டைட் எண்ட் சாம் லபோர்ட்டா வருகிறார் என்றால், அவரை ஒரு மூலையில் உட்காரவைக்கப்போவதில்லை என்று அன்றே ஊகிக்கலாம்.

இன்னொன்று. ஒப்பந்தம் முடியும் வருடத்தை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அணிகள் இந்த வருடத் தேவைக்காக மட்டும் எடுப்பதில்லை. அடுத்த வருடம் யார் போய்விடுவார் என்று பார்த்து இப்போதே ஆள் எடுத்து வைக்கும். அப்படி வந்தவர் முதல் வருடம் ஆடவில்லை என்பதை வைத்து "வீண்" என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

என்ன விலை கொடுத்தார்கள்?

இங்கே விலை என்பது எத்தனையாவது தேர்வைச் செலவழித்தார்கள் என்பது. தேர்வுகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளராக இருந்த ஜிம்மி ஜான்சனின் பெயரால் ஒரு புள்ளி அட்டவணை உண்டு. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி. பின்னால் போகப் போகக் குறையும். இன்றைய அணிகள் தங்களுக்கென்று புதிய அட்டவணைகள் வைத்திருக்கின்றன. பழைய அட்டவணை முதல் சில தேர்வுகளுக்கு மிகை மதிப்புத் தருகிறது என்ற விமர்சனமும் உண்டு, நானும் அதை ஏற்கிறேன். ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட எளியது இல்லை.

அந்த இரவில் லயன்ஸின் கையில் முதலில் இருந்தது 6வது தேர்வு. மேத்யூ ஸ்டாஃபோர்டை 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்ததில் கிடைத்தது. அதையும் 81வது தேர்வையும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 ஆகிய மூன்றை வாங்கினார்கள். அட்டவணைப்படி கணக்குப் போடுங்கள். 6வதுக்கு 1600, 81வதுக்கு 185, கூட்டினால் 1785. அந்தப் பக்கம் 12வதுக்கு 1200, 34வதுக்கு 560, 168வதுக்கு 24க்குச் சற்று மேல், கூட்டினால் ஏறத்தாழ 1784. துல்லியமான சமபேரம்.

அதாவது "12வது இடத்தில் ரன்னிங் பேக்கா?" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். முழுக் கேள்வி, "6வது தேர்வையும் 81வதையும் கொடுத்து கிப்ஸ், லபோர்ட்டா இருவரையும் வாங்கியது சரியா?" என்பது. எந்த ரூக்கியையும் மதிப்பிடும்போது அவர் வந்த தேர்வு எங்கிருந்து வந்தது, அதோடு கூட வேறென்ன வந்தது, வேறென்ன போனது என்று பின்னோக்கிப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முன்னேறிப் போய் ஒருவரை எடுத்தால் அதற்குப் பின்வரும் தேர்வுகளை இழக்கிறார்கள். மூன்றாவது ரவுண்டில் 96வது இடத்துக்கு ஏறி, வெஸ்டர்ன் கென்டக்கியின் ப்ரோட்ரிக் மார்ட்டின் என்ற பெரிய உடல்வாகு கொண்ட தடுப்பாட்டக்காரரை எடுத்தார்கள். முதல் இரண்டு சீசன்களில் அவர் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களில்தான் இறங்கினார். பாராட்டப்பட்ட டிராஃப்டிலும் இப்படி ஒன்று இருக்கும், அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

கல்லூரி எண்களை எப்படிப் படிப்பது

எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை யாரைப் பற்றிப் பேசுகின்றன என்று பார்க்க வேண்டும்.

லபோர்ட்டா 2022இல் அயோவாவுக்காக 58 பாஸ் பிடித்து 657 கஜம் எடுத்தார், ஒரே ஒரு டச் டவுன். இதை மட்டும் பார்த்தால் இரண்டாவது ரவுண்டின் உச்சியில் எடுக்க வேண்டிய ஆளாகத் தோன்றாது. ஆனால் அந்த வருட அயோவாவின் தாக்குதல் ஆட்டம் நாட்டிலேயே கடைசி வரிசையில் கிடந்தது. எதிரணி முழுக் கவனத்தையும் அவர் மேல் வைத்தும் அணியில் அதிகம் பாஸ் பிடித்தவர் அவர்தான். அந்த அணியில் டச் டவுன் வாய்ப்புகளே அபூர்வம். என்.எஃப்.எல்லுக்கு வந்த முதல் சீசனில் 86 பாஸ், 889 கஜம், 10 டச் டவுன். ரூக்கி டைட் எண்ட் ஒருவர் அதிகபட்சமாகப் பிடித்த பாஸ்களுக்கான சாதனையை முறியடித்தார். மறுவருடமே லாஸ் வேகஸின் ப்ராக் பவர்ஸ் 112 பாஸ் பிடித்து அதைத் தாண்டினார்.

எதிர்த்திசையில் ஹெண்டன் ஹுக்கர். டென்னசி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது பாஸ் வீசுபவர். 2022இல் 27 டச் டவுன் பாஸ், எதிரணி பிடித்தவை இரண்டே. கண்ணைப் பறிக்கும் எண்கள். ஆனால் டென்னசியின் ஆட்டமுறை, பாஸ் பிடிக்க ஓடும் ரிசீவர்களை மைதானத்தின் இரு ஓரங்களுக்கும் விரித்து நிறுத்தி, குவார்ட்டர்பேக்கின் முடிவுகளை எளிதாக்குவது. என்.எஃப்.எல்லில் அதே சௌகரியம் இல்லை. அவருக்கு டிராஃப்டின்போது 25 வயது, முழங்கால் தசைநார் கிழிந்து குணமாகிக்கொண்டிருந்தார். லயன்ஸ் 68வது இடத்தில் எடுத்தது. 2025 சீசன் தொடங்குவதற்கு முன், ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க குவார்ட்டர்பேக்காக இறக்காமலே விடுவித்தது.

ஆகவே எண்களோடு சேர்த்து மூன்று கேள்விகள். அணியின் ஆட்டமுறை அவருக்கு உதவியதா, தடையாக இருந்ததா? பெரிய எண்கள் வலுவான எதிரணிகளுக்கு எதிராக வந்தவையா, பலவீனமான அணிகளை அடித்து வந்தவையா? அப்போது அவருக்கு என்ன வயது? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 24 வயதில் 19 வயதுப் பையன்களை வீழ்த்துவதும், 19 வயதில் மூத்தவர்களை வீழ்த்துவதும் ஒன்றல்ல. கல்லூரி மாறுவது எளிதாகி, 2021இலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அனுமதி வந்தபின், பலர் கூடுதலாக ஒரு வருடம் கல்லூரியிலேயே தங்குகிறார்கள். ரூக்கிகளின் வயதைப் பார்ப்பது முன்னைவிட இப்போது அவசியம்.

ஓட்டம், குதிப்பு, எடை

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் இண்டியானாபொலிஸில் 'கம்பைன்' நடக்கிறது. 40 கஜ ஓட்டம், அதாவது சுமார் 36.6 மீட்டர். 225 பவுண்டு, சுமார் 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார். நின்ற இடத்திலிருந்து மேலே எவ்வளவு, முன்னால் எவ்வளவு தாவுகிறார். கூம்புகளைச் சுற்றித் திரும்பும் வேகம். கை நீளம், உள்ளங்கை அகலம். பிறகு அவரவர் கல்லூரியில் 'ப்ரோ டே' என்று இன்னொரு சோதனை.

புதியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இவை ஒப்பிட எளிதானவை. ஒவ்வொரு பொசிஷனுக்கும் எந்த அளவு முக்கியம் என்று தெரிந்தால் போதும். ரிசீவருக்கும் அவரை மறிக்கும் கார்னர்பேக்குக்கும் 40 கஜ நேரம் முக்கியம். முன்வரிசைக்காரர் 40 கஜம் தொடர்ந்து ஓடும் சந்தர்ப்பம் ஆட்டத்தில் அநேகமாக வராது, அவருக்கு முதல் 10 கஜ நேரமும் கை நீளமும் பாருங்கள். குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓரத்திலிருந்து பாய்பவருக்குத் திரும்பும் வேகம்.

கிப்ஸ் 4.36 விநாடியில் ஓடினார். அவருக்குத் தரப்போகும் வேலையே வேகம் சார்ந்தது என்பதால் அது பொருத்தமான எண். அலபாமாவின் பிரையன் பிராஞ்ச் 4.58. பின்வரிசைத் தடுப்பாட்டக்காரருக்கு இது மெதுவானது. முதல் ரவுண்டில் பேசப்பட்டவர் 45வது இடம் வரை இறங்கினார். லயன்ஸ் கிரீன் பே அணியோடு பேரம் பேசி மேலேறி எடுத்தது. அவருக்குத் தரவிருந்த வேலை, உள்ளே நிற்கும் ரிசீவரை மறிப்பது, ஓட்டத்தைப் படித்து முன்னால் பாய்ந்து விழுத்துவது. அதற்குத் தேவை பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் திறனும் தவறாமல் விழுத்தும் திறனும். நேர்க்கோட்டில் ஓடும் வேகம் அதற்கடுத்துத்தான்.

டாம் பிரேடி 5.28 விநாடியில் ஓடி 2000இல் 199வது இடத்தில் எடுக்கப்பட்டவர் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். அதை வைத்து மெதுவாக ஓடும் ஒவ்வொரு ஆறாவது ரவுண்டு குவார்ட்டர்பேக்கையும் அடுத்த பிரேடி என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த ரவுண்டில் வருபவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் லீகிலிருந்தே போய்விடுகிறார்கள்.

வீடியோ: பந்தைப் பார்க்காதீர்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சிறந்த தருணங்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்களை முதலில் பார்க்காதீர்கள். அவற்றில் எல்லாரும் நட்சத்திரங்கள். முழு ஆட்டங்களாக மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று அந்த வருடத்தில் அவர் சந்தித்த வலிமையான எதிரணி, ஒன்று அவர் மோசமாக ஆடியதாகப் பேசப்பட்டது, ஒன்று சாதாரணமானது. பந்து எங்கே போனாலும் உங்கள் கண் அந்த ஒருவர் மேலேயே இருக்கட்டும். ஒவ்வொரு ஆட்டத்துணுக்கையும் (பந்து கிளம்பியதிலிருந்து ஆட்டம் நிற்கும் வரை ஒரு துணுக்கு) திருப்பி ஒருமுறை பாருங்கள். முதல் ஆட்டத்துக்கு மிகுந்த நேரம் ஆகும், இரண்டாவதிலிருந்து கண் பழகிவிடும்.

எதைப் பார்ப்பது என்பது பொசிஷனைப் பொறுத்தது.

ரன்னிங் பேக் என்றால், எதிரணியின் முதல் ஆள் தொடும் வரை கிடைத்த கஜங்களில் பெரும்பங்கு முன்வரிசையின் உழைப்பு. தொட்டபின் கிடைப்பவை அவருடையவை. அதைவிட முக்கியமானதொன்று உண்டு. குவார்ட்டர்பேக் பாஸ் வீசும்போது எதிரணியின் லைன்பேக்கர் பாய்ந்து வந்தால் இவர் அடையாளம் கண்டு தடுக்கிறாரா? இது தெரியாத ரூக்கியை எந்தப் பயிற்சியாளரும் முக்கியமான தருணத்தில் மைதானத்தில் விடமாட்டார்.

குவார்ட்டர்பேக்கிடம் அழகான நீண்ட பாஸ்களை ஒதுக்கிவையுங்கள். முதலில் நினைத்த ரிசீவர் மறிக்கப்பட்டபோது என்ன செய்கிறார்? கண் அடுத்தவருக்கு நகர்கிறதா, கால் பதறுகிறதா? பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில், மூன்றாவதில் ஏழெட்டு கஜம் தேவைப்படும் ஆட்டத்துணுக்குகளை மட்டும் தனியாகத் தொகுத்துப் பாருங்கள். எதிரணிக்கு பாஸ் வரும் என்று தெரிந்திருக்கும் அந்த நிலைமையில்தான் என்.எஃப்.எல். வாழ்க்கை முழுவதும் அவர் ஆடப்போகிறார்.

லைன்பேக்கரிடம் பந்து கிளம்பியதும் எடுக்கும் முதல் அடி. சரியான திசையா, ஏமாந்த திசையா? பிறகு, மறிக்க வருபவரிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு வெளியே வருகிறாரா? ஜாக் கேம்பல் கல்லூரியின் கடைசி வருடத்தில் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது பெற்றவர். படிக்கும் திறனில் குறையில்லை. ஆனாலும் முதல் வருடத்தில் பளிச்சென்று தெரியவில்லை, இரண்டாவது வருடத்தில்தான் அந்தத் தடுப்பு வரிசையின் மையமானார். நடுவில் நிற்பவர் தன் வேலையோடு மற்றவர்களின் இடத்தையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அதைக் கற்க நேரம் பிடிக்கும்.

தடுப்பு முன்வரிசையின் நடு ஆள் இருவரைத் தன் மேல் இழுத்து நிறுத்தினாலே வேலை முடிந்தது, புள்ளிவிவரத்தில் அவர் பெயர் வராது. அவரை எண்களால் அளக்கவே முடியாது, வீடியோ ஒன்றே வழி. தாக்குதல் முன்வரிசையில் காலையும் கையையும் பாருங்கள். வேகமாக ஓரத்தில் வந்தவனைச் சமாளித்தபின், அடுத்த முறை அவன் உள்பக்கம் திரும்பினால் என்ன ஆகிறது? ரிசீவரிடம், கார்னர்பேக் ஆட்டத்துணுக்கு தொடங்கும் கோட்டிலேயே நெஞ்சில் கைவைத்து மறித்தால் எப்படி விடுபடுகிறார், பந்து தன்னிடம் வராத ஆட்டத்தில் எவ்வளவு உழைக்கிறார் என்பவை. டைட் எண்டுக்கு மறிப்பது, பிடிப்பது இரண்டும் வேண்டும். பெரும்பாலோர் மெதுவாகப் பழுப்பது அதனால்தான்.

பார்த்ததை உடனே எழுதுங்கள். "நன்றாக ஆடினார்" என்று எழுதாதீர்கள். "உள்பக்க ஓட்டத்தில் மறிப்பவரிடம் இரண்டு முறை சிக்கிக்கொண்டார்" என்று எழுதினால் செப்டம்பரில் அதே விஷயத்தைச் சரிபார்க்க முடியும்.

மே முதல் ஆகஸ்ட் வரை

டிராஃப்ட் முடிந்ததும் ரூக்கிகளுக்கான குறுகிய முகாம், பிறகு மே, ஜூனில் எல்லாருக்குமான பயிற்சிகள். இவற்றில் முழுக் கவசமும் மோதலும் கிடையாது. அப்போது வரும் புகழ்ச்சிச் செய்திகளைப் படியுங்கள், எடை கொடுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பொசிஷனில், முதல் அணியோடா இரண்டாவது அணியோடா நிறுத்துகிறார்கள். காயத்தோடு வந்தவர் எந்தப் பட்டியலில் வைக்கப்படுகிறார் என்பதும் முக்கியம். ஹுக்கர் 2023இல் லீகுக்கு வெளியே ஏற்பட்ட காயங்களுக்கான பட்டியலில்தான் சீசனைத் தொடங்கினார். அப்படிப்பட்டவருக்கு முதல் வருடத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

ஜூலை இறுதியில் முழுக் கவச முகாம் தொடங்கியதும் செய்திகளுக்கு மதிப்பு வருகிறது. ஆகஸ்டில் மூன்று முன்னோட்ட ஆட்டங்கள். நான்காவது கால் பகுதியில் ஒரு ரூக்கி இரண்டு டச் டவுன் அடித்தால் எதிரில் யார் நின்றார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் வேலை இழக்கப்போகிறவர்கள்தான் நிற்பார்கள். முதல் பாதியில், எதிரணியின் முதல் வரிசைக்கு எதிரே, பத்து ஆட்டத்துணுக்குகளில் என்ன செய்தார் என்பதே பயனுள்ள தகவல்.

ஐந்து முதல் ஏழாவது ரவுண்டுக்காரர்களுக்கு ஸ்பெஷல் டீம் பாருங்கள். பந்தை உதைத்ததும் ஓடிப்போய் எதிராளியை விழுத்தும் கூட்டத்தில் அவர் இருக்கிறாரா? 53 பேரில் கடைசி ஐந்தாறு இடங்களை முடிவுசெய்வது பெரும்பாலும் அதுதான். டிராஃப்டில் எடுக்கப்படாமல் வந்தவர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். கர்ட் வார்னர், டோனி ரோமோ, கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய அன்டோனியோ கேட்ஸ் எல்லாரும் டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்கள்.

சீசன் தொடங்கியபின்

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'ஸ்னாப் கவுண்ட்' வெளியாகும். தன் அணி ஆடிய துணுக்குகளில் எத்தனை சதவீதத்தில் அவர் மைதானத்தில் இருந்தார் என்ற கணக்கு. ரூக்கிக்கு என்னைப் பொறுத்தவரை இதுவே முதல் எண். பயிற்சியாளர் அவரை எவ்வளவு நம்புகிறார் என்று வாராவாரம் காட்டும்.

கிப்ஸின் முதல் ஆட்டத்தில் அவரிடம் பந்து கொடுத்து ஓடவிட்டது 7 முறைதான், எடுத்தது 42 கஜம். அடுத்த சில வாரங்களும் அளந்தே பயன்படுத்தினார்கள். "12வது தேர்வுக்கு இவ்வளவுதானா?" என்ற குரல்கள் மீண்டும் வந்தன. இடையில் மான்ட்கமரி காயப்பட்டார். அக்டோபர் 30 அன்று லாஸ் வேகஸ் அணிக்கு எதிராக கிப்ஸ் 26 முறை ஓடி 152 கஜம் எடுத்தார். சீசன் முடிவில் 945 கஜம், ஒவ்வொரு முறையும் சராசரியாக ஐந்து கஜத்துக்கு மேல். அடுத்த வருடம் 1,412 கஜம், 16 டச் டவுன். முதல் மாதத்தில் ஆள் திறமையில்லாமல் இருக்கவில்லை, வேலைப் பங்கீடு அப்படி இருந்தது. தொடக்கத்தில் எழுதிய தாள் உங்களிடம் இருந்தால் அந்த வாரங்களில் கலங்கியிருக்க மாட்டீர்கள்.

பளபளப்பான தருணங்களையும் அப்படியே பிரித்துப் பாருங்கள். அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே பிராஞ்ச், கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் வீசிய பாஸைப் பிடித்து 50 கஜம் ஓடி டச் டவுன் அடித்தார். லயன்ஸ் 21-20 என வென்றது. பந்து எதிரணி ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்து வந்தது, அந்தப் பங்கு அதிர்ஷ்டம். ஆனால் தெறிக்கும் தூரத்தில் நின்றது அவருடைய ஆட்ட அறிவு. முதலாவது அடுத்த வாரம் வராது, இரண்டாவது ஒவ்வொரு வாரமும் தெரியும். இப்படித் தனித்தனியாக எழுதிப் பழகினால் கண் விரைவில் கூர்மையாகும்.

நவம்பர் வாக்கில் பல ரூக்கிகள் தளர்வார்கள். கல்லூரியில் 12 அல்லது 13 ஆட்டங்களோடு முடியும். இங்கே மூன்று முன்னோட்ட ஆட்டங்கள், பிறகு 17. அந்தச் சரிவு உடல் சோர்விலிருந்தா, எதிரணிகள் அவருடைய பலவீனத்தைக் கண்டுபிடித்ததிலிருந்தா என்று பிரித்தறிய முயலுங்கள். ஒரே விதமான ஆட்டத்தில் திரும்பத் திரும்ப ஏமாறுகிறார் என்றால் இரண்டாவது.

எப்போது தீர்ப்புச் சொல்லலாம்?

மூன்று சீசன். ரன்னிங் பேக்கைப் பற்றி ஒரு வருடத்தில் ஓரளவு சொல்லலாம், தாக்குதல் முன்வரிசை, குவார்ட்டர்பேக், டைட் எண்ட் ஆகியோருக்கு அதற்குமுன் சொல்லக் கூடாது.

மூன்று வருடத்துக்குப் பிறகு அணிகளே தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. மூன்றாவது சீசன் முடிந்ததும்தான் ரூக்கியோடு புது ஒப்பந்தம் பேச முடியும். முதல் ரவுண்டில் வந்தவருக்கு ஐந்தாவது வருட உரிமையைப் பயன்படுத்துவதா என்று அடுத்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்ல வேண்டும். அந்தச் சம்பளம் பெரியது, உறுதியாகக் கொடுக்க வேண்டியது. அதனால் அணி வாயால் சொல்லும் பாராட்டைவிட இந்த முடிவுக்கு எடை அதிகம்.

அப்போது ஒட்டுமொத்த டிராஃப்டையும் எடைபோடுங்கள். 2023இல் லயன்ஸ் எடுத்தவர்கள் எட்டுப் பேர். கிப்ஸ், கேம்பல், லபோர்ட்டா, பிராஞ்ச் நால்வரும் அணியின் தூண்களானார்கள். ஹுக்கரும் மார்ட்டினும் பலிக்கவில்லை. ஐந்தாவது ரவுண்டின் கோல்பி சோர்ஸ்டாலும் ஏழாவது ரவுண்டின் அன்டுவான் கிரீனும் மாற்று ஆட்டக்காரர்கள் என்ற அளவிலேயே நின்றார்கள். எட்டில் நான்கு என்பது அபூர்வமான அறுவடை. ஒரு டிராஃப்டில் இரண்டு மூன்று பேர் நிலையான தொடக்க ஆட்டக்காரர்களானாலே நல்ல வருடம் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அணியின் ஏழெட்டுப் பேரில் நால்வர் காணாமல் போனால் பொது மேலாளரைத் திட்டுவதற்கு முன் மற்ற 31 அணிகளின் அதே வருடப் பட்டியலையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.